நேற்றைய தடம், இன்றைய காற்று

குளிர்காலத்தில் மலைமுகட்டில் நடக்கப் போகிறேன் என்று சொன்னால், கேட்பவர்களில் பெரும்பாலோர் முதலில் விசாரிப்பது குளிர் எத்தனை டிகிரி என்பதைத்தான். அடுத்து, பனி எவ்வளவு ஆழம் என்று கேட்பார்கள். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஒயிட் மவுண்டன்ஸ் மலைகளில் பல குளிர்காலங்களாக நடந்துவரும் எனக்கு இவை இரண்டும் இரண்டாம்பட்சமாகவே படுகின்றன. குளிருக்கு உடை உண்டு; ஆழ்ந்த பனிக்கு, கால் புதையாமலிருக்கக் காலணிக்கடியில் கட்டும் அகன்ற ஸ்னோஷூ உண்டு. அன்றைய நடை நிறைவேறுமா என்பதை முடிவுசெய்பவை காலுக்கடியில் இருக்கும் பரப்பும் முகட்டின் மேல் வீசும் காற்றும்தான். பரப்பு என்பது கடந்த பத்து நாள் வானிலை எழுதிவைத்த கணக்கு. காற்று அன்றைய தினத்துக்கு உரியது. இவ்விரண்டையும் தனித்தனியாகப் படிக்கத் தெரிந்தவருக்குக் குளிர்கால முகடு கோடைக்கால முகட்டைவிடக்கூட எளிதாக அமைந்துவிடுவதுண்டு. ஒன்றைப் படித்து மற்றதை விட்டவருக்கு அது மிகக் கடுமையான இடம்.

நான் எடுத்துக்கொள்வது ஃபிரான்கோனியா முகட்டை. பாஸ்டனிலிருந்து 93ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே இரண்டேகால் மணி நேரம் ஓட்டினால், இருபுறமும் மலைகள் நெருங்கிவரும் ஃபிரான்கோனியா கணவாயில் அந்த அகன்ற சாலையே திசைக்கு ஒரு தடமாக ஒடுங்குகிறது. அங்கே லாஃபயெட் பிளேஸ் என்னும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கிழக்கே ஏறத் தொடங்கினால், சற்று தூரத்திலேயே பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று ஃபாலிங் வாட்டர்ஸ் பாதை. அருவிகளை ஒட்டியே ஏறி லிட்டில் ஹேஸ்டாக் உச்சியில் போய் முடிகிறது. மற்றொன்று ஓல்டு பிரைடில் பாத். கோடையில் மலையேறிகள் தங்கும் கிரீன்லீஃப் குடில் வரை போய், அங்கிருந்து வேறொரு பாதையின் வழியாக லாஃபயெட் சிகரத்தை அடைகிறது. இவ்விரண்டின் தலைகளையும் இணைத்துக்கொண்டு, மரமோ மறைவோ இல்லாமல் 2.7 கிலோமீட்டர் நீள்வதுதான் முகடு. இடையில் 1,551 மீட்டர் உயர லிங்கன் சிகரம், வடகோடியில் 1,600 மீட்டர் உயர லாஃபயெட். முழுச் சுற்றும் ஏறக்குறைய 14 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 1,200 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை நீளும் அப்பலேச்சியன் நெடும்பாதையும் இந்த முகட்டின் மேலாகத்தான் செல்கிறது.

இந்த உயரம் தமிழ்நாட்டு வாசகருக்கு ஒரு பொருட்டாகத் தோன்றாது. ஏற்காடே ஏறத்தாழ 1,500 மீட்டரில் இருக்கிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஆனால் 44 பாகை வடக்கில், இந்த மலைகளில் மரங்கள் சுமார் 1,450 மீட்டரிலேயே வளர மறுத்துவிடுகின்றன. அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்கே கடந்துவரும் புயல்களின் தடங்கள் பல இந்த வடகிழக்கு மூலையில் வந்து கூடுகின்றன. முகடோ வடக்குத் தெற்காகக் கிடந்து, மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வரும் காற்றுக்குக் குறுக்கே நிற்கிறது. மலையில் மோதி மேலேறும் காற்று விளிம்பைத் தாண்டும் இடத்தில் நெருக்குண்டு இன்னும் வேகம் கொள்கிறது. தெளிந்த நாளில் இங்கிருந்து வடகிழக்கே வெள்ளையாகத் தெரியும் 1,917 மீட்டர் உயர வாஷிங்டன் சிகரத்தில்தான் 1934 ஏப்ரல் 12 அன்று மணிக்கு 372 கிலோமீட்டர் வேகக் காற்று அளக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் பாரோ தீவில் 1996இல் வீசிய புயல் முறியடிக்கும் வரை தரையில் அளக்கப்பட்ட காற்றுகளில் அதுவே உலகிலேயே பெரியதாக இருந்தது. அதே சிகரத்தில் 2023 பிப்ரவரி தொடக்கத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 44 டிகிரிக்கு இறங்கியது; காற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் தோல் உணர்ந்திருக்கக்கூடிய குளிர் உறைநிலைக்குக் கீழே 78 டிகிரி. ஃபிரான்கோனியா அதைவிட 300 மீட்டர் தாழ்ந்தது என்பதால் சற்றே சாதுவானது. அந்தச் ‘சற்றே’ என்ற சொல்லை யாரும் பெரிதாக நம்பிவிட வேண்டாம்.

முதலில் பரப்பு. புதிதாகப் பெய்த வெண்பனி மெத்தென்று கிடக்கும்போது முதலில் ஏறும் குழு ஸ்னோஷூ அணிந்து மிதித்துக்கொண்டு போனால், பனித்துகள்கள் நெருங்கி அமர்ந்து, இரவுக் குளிரில் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடுகின்றன. மறுநாள் காலையில் அந்தத் தடம் சிமெண்டுச் சாலை போல இருக்கும். காலணிக்கு மேல் மாட்டும் சிறு முட்களான மைக்ரோஸ்பைக்ஸ் மட்டும் போதும், கோடையில் வேரும் கல்லுமாகத் தடுக்கும் இடமெல்லாம் வழவழப்பாக மூடப்பட்டு, நடை வேகமாகப் போகும். குளிர்காலத்தில் சில நாட்கள் கோடையைவிட எளிது என்று சொன்னது இதனால்தான். ஆனால் அதே புதுப்பனியில் முதல் குழு வெறும் காலணியோடு ஏறினால் ஒவ்வோர் அடிக்கும் முழங்கால் ஆழக் குழி விழும். இரவில் அந்தக் குழிகள் அப்படியே உறைந்து, பின்னால் வருபவர்களின் கணுக்காலுக்குப் பொறிகளாகக் கிடக்கும். அடுத்த பனிப்பொழிவு வந்து மூடும் வரை அந்தப் பாதைக்கு மீட்சி கிடையாது. நியூயார்க் மாநிலத்தின் அடிராண்டாக் மலைகளில், உயர்ந்த சிகரங்கள் உள்ள பகுதியில், எட்டு அங்குலத்துக்கு மேல் பனி கிடந்தால் ஸ்னோஷூவோ ஸ்கீயோ அணிந்தே ஆக வேண்டும் என்று விதியே இருக்கிறது. நியூ ஹாம்ப்ஷயரில் அப்படி விதி இல்லை. குழி போட்டுவிட்டு இறங்குபவரை மற்றவர்கள் முறைத்துப் பார்ப்பதோடு சரி. எனக்கு விதியே மேல் என்று தோன்றுகிறது, ஏனென்றால் முறைப்புக்கு அஞ்சுபவர்கள் எப்படியும் ஸ்னோஷூ கொண்டுவந்திருப்பார்கள்.

இதைவிட மோசமானது ஜனவரி நடுவில் அடிக்கடி வந்துபோகும் இளகல். இரண்டு நாள் வெப்பம் உறைநிலைக்கு மேலே போகும், பெரும்பாலும் மழையும் கூடவே பெய்யும். பிறகு ஒரே இரவில் பதினைந்து இருபது டிகிரி கீழே விழும். நூறாண்டுகளாகக் கால்கள் தேய்த்துத் தேய்த்து மலைப்பாதை சுற்றியுள்ள நிலத்தைவிடத் தாழ்ந்து வாய்க்கால் போலக் கிடப்பதால், உருகிய நீர் எல்லாம் பாதைக்குள்தான் இறங்கும். இறங்கிய இடத்திலேயே உறையும். பனி மிதித்த தடம் அப்போது நீலமும் மஞ்சளும் கலந்த கட்டிப் பனிக்கட்டியாக மாறிவிடுகிறது. அது கண்ணுக்குத் தெரிந்தால், நீண்ட கூரிய முட்கள் கொண்ட கிராம்பானைக் காலணியில் மாட்டிக்கொள்ளலாம். அதன் மேல் மூன்று விரல் உயரத்துக்குப் புதுப்பனி தூவிவிட்டால்தான் தொல்லை: பார்வைக்கு மென்மையான வெள்ளைத் தடம், மிதித்தால் கண்ணாடி. ஆகவே, நடந்துவிட்டு வந்தவர்கள் எழுதும் பாதை நிலவரக் குறிப்புகளில் எனக்கு வேண்டியது “பாதை அருமை” என்ற தீர்ப்பு அன்று. அவர்கள் எந்த நாளில், எத்தனை மணிக்கு ஏறினார்கள், அதற்குப் பின் வெப்பம் எங்கே போனது என்பதை நான் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். சனிக்கிழமை பகலில் மென்மையாக இருந்த தடம் அன்றிரவு உறைந்திருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் குறிப்பு வேறொரு மலையைப் பற்றியது.

ஃபாலிங் வாட்டர்ஸ் பாதையில் இந்தக் கணக்கு முழுவதும் ஒரே இடத்தில் காணக் கிடைக்கிறது. பாதை ஒட்டிச் செல்லும் ஓடையின் பெயர் டிரை புரூக், அதாவது வறண்ட ஓடை. மூன்று பெரிய அருவிகளைக் கொண்ட ஓடைக்கு அப்படிப் பெயர் வைத்தவரின் நகைச்சுவை எனக்குப் பிடித்திருக்கிறது. ஓடையைப் பாலமில்லாமல் பலமுறை கடக்க வேண்டும். கடுங்குளிர் தொடர்ந்து இருந்தால் பாறைகளுக்கிடையே கெட்டியான பனிப்பாலங்கள் அமையும். டிசம்பர் தொடக்கத்திலும் மழைக்குப் பின்னும் அவை கிடையா, வழுக்கும் பனிக்கட்டி போர்த்திய கற்களின் மேல் தாண்டித்தான் போக வேண்டும். இருபத்து நான்கு மீட்டர் உயரக் கிளவுட்லேண்ட் அருவி அருகே மலைச்சுவரிலிருந்து கசியும் நீர் பாதையின் மேல் அடுக்கடுக்காக உறைந்து சரிந்து கிடக்கும். ஏறும்போது இது சமாளிக்கக்கூடியதே: முன்காலை ஊன்றினால் முட்கள் பிடித்துக்கொள்கின்றன, விழுந்தாலும் கைக்கு முன்னால்தான் தரை இருக்கிறது. இறங்கும்போது அப்படியில்லை. அதனால்தான் குளிர்காலத்தில் இந்தச் சுற்றைச் செய்பவர்களில் அநேகர் ஃபாலிங் வாட்டர்ஸில் ஏறி ஓல்டு பிரைடில் பாதையில் இறங்குகிறார்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. அந்தத் திசையில் போனால் முகட்டில் தெற்கிலிருந்து வடக்காக, வடமேற்குக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டே நடக்க வேண்டும். மேலும், லிட்டில் ஹேஸ்டாக்கில் குள்ள மரங்கள் உச்சிப் பாறை வரை வந்து திடீரென்று நின்றுவிடுகின்றன. ஓர் அடி முன்பு காட்டின் அமைதி, ஓர் அடி பின்பு முழுக் காற்று. மறுபக்கம் கிரீன்லீஃப் குடில் வழியாக ஏறினால், குடில் அருகே நின்று, மேலே போகவிருக்கும் திறந்த சரிவை நன்றாகப் பார்த்து, நிதானமாக முடிவெடுக்கலாம். காற்றைப் பற்றிச் சந்தேகம் உள்ள நாட்களில் நான் சுற்றை விட்டுவிட்டு, ஓல்டு பிரைடில் பாதையிலேயே ஏறி லாஃபயெட்டை மட்டும் தொட்டுத் திரும்பும் திட்டத்தை வைத்துக்கொள்கிறேன். அதில் ஏறும் வழியே இறங்கும் வழி என்பதால், எந்த இடத்தில் திரும்பினாலும் தெரிந்த தரையில்தான் திரும்புகிறோம். புதிதாக வருபவர்கள் சுற்றைத்தான் கேட்கிறார்கள். படங்களில் அழகாக இருப்பது அந்த முகடுதான் என்பதால் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

காற்றின் விஷயத்தில் இந்த மலைகளுக்கு வாய்த்த பெரும்பேறு வாஷிங்டன் சிகரத்தின் உச்சியில் 1932 முதல் இயங்கிவரும் வானிலை ஆய்வகம். குளிர்காலம் முழுவதும் அங்கே ஆட்கள் தங்கி அளக்கிறார்கள். நாள்தோறும் உயர்ந்த சிகரங்களுக்கென்று தனியாக ஒரு முன்னறிவிப்பை வெளியிடுகிறார்கள். கைப்பேசியில் ஊருக்குக் காட்டும் வானிலையைப் பார்த்து மலையேறுபவர் பள்ளத்தாக்கின் வானிலையைத்தான் பார்க்கிறார். வாகன நிறுத்தத்துக்கும் லாஃபயெட் உச்சிக்கும் இடையே ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர வேறுபாடு இருப்பதால், சாதாரண நாளிலேயே மேலே ஆறேழு டிகிரி குறைவாக இருக்கும்; காற்றோ கீழே இலை அசையாத நேரத்தில்கூட மேலே ஊளையிடும். காற்றின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது என்பதால், மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று 80 ஆகும்போது உடலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. குளிரும் அதனோடு சேர்ந்துகொள்கிறது: உறைநிலைக்குக் கீழே 18 டிகிரியில் மணிக்கு 48 கிலோமீட்டர் காற்று அடித்தால், திறந்த தோலுக்கு அது உறைநிலைக்குக் கீழே 32 டிகிரி, அரை மணி நேரத்தில் மூக்கு நுனியும் காது மடலும் உறையத் தொடங்கலாம். அந்த 2.7 கிலோமீட்டரைக் கடக்கக் குளிர்காலத்தில் ஒன்றரை மணி நேரமாவது பிடிக்கும் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு விரற்கடைத் தோலைக்கூட ஏன் வெளியே விடக்கூடாது என்பது விளங்கும். முன்னறிவிப்பில் வீச்சு மணிக்கு 65 கிலோமீட்டரைத் தாண்டினால் நான் முகட்டுக்குப் போவதில்லை. இது என் எல்லை. என்னைவிட வலுவானவர்கள் இதைவிட அதிகமான காற்றில் நடப்பதை அறிவேன், அவர்களோடு எனக்கு வழக்கில்லை.

மர எல்லைக்குச் சற்றுக் கீழே, காற்று இன்னும் எட்டாத இடத்தில், ஒரு நிறுத்தம் அவசியம். ஏறும்போது எவ்வளவு கவனமாக இருந்தாலும் உள்சட்டை வியர்வையில் நனைந்திருக்கும். அதைக் கழற்றிவிட்டு உலர்ந்த கம்பளிச் சட்டையை அங்கேயே மாற்றிக்கொள்ள வேண்டும். பருத்தி எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது, நனைந்த பருத்தி காய்வதுமில்லை, சூடு காப்பதுமில்லை. காற்றைத் தடுக்கும் மேலங்கி, குரங்குக் குல்லாய், கண்ணாடிக் கவசம், விரல்கள் ஒன்றாகக் கிடக்கும் தடித்த கையுறை, காலுக்கு முட்கள், எல்லாவற்றையும் மரங்களுக்குள்ளேயே மாட்டி, கட்டி, இறுக்கிவிட வேண்டும். முகட்டில் போய்க் கையுறையைக் கழற்றி ஒரு வாரைச் சரிசெய்ய முனைந்தால், இரண்டாம் நிமிடத்தில் விரல்கள் வார் எது விரல் எது என்று அறியாமல் போய்விடும். மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்கு இது தனிச் சோதனை. மூச்சுக்காற்று கண்ணாடிக்கும் கவசத்துக்கும் இடையே புகுந்து அங்கேயே உறைந்துவிடுவதால், முகத்துணியை மூக்குக்குக் கீழே மடித்துவிட்டு மூச்சைக் கீழ்நோக்கி விடும் பழக்கத்தைச் சமவெளியிலேயே பழகிக்கொள்வது நல்லது.

உணவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடலைமிட்டாய் எடுத்துப்போவது நல்ல யோசனைபோலத் தோன்றும். உறைநிலைக்குக் கீழே பதினைந்தில் அதைக் கடித்தால் உடைவது மிட்டாயா பல்லா என்ற கேள்வி எழும். நீர்ச்சத்து உள்ள எதுவும் கல்லாகிவிடும், இட்லி உட்பட. கொழுப்பு மிகுந்தவை மட்டுமே மெல்லக்கூடியவையாக இருக்கின்றன: முந்திரி, நெய் தாராளமாக விட்ட பொரிவிளங்காய் உருண்டைகள் (சிறியதாகப் பிடித்திருந்தால்), வெண்ணெய் தடவிய ரொட்டி. தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாக வைத்தால், மேலே மிதந்து உறையும் பனிக்கட்டி அடிப்பக்கம் போய்விடும், மூடி திறக்க வரும். குழாய் வைத்த நீர்ப்பைகள் குளிர்காலத்தில் உதவாது. குடுவையில் சூடான மிளகு ரசம் கொண்டுபோகும் எங்கள் வழக்கத்தைப் பார்த்து, மர எல்லையில் இளைப்பாறிக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர்கள் இருவர் வாங்கிக் குடித்துவிட்டு, இது எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார்கள்.

மேலே வந்துவிட்டால் கற்றுக்கொண்ட பரப்புப் பாடங்கள் எல்லாம் மாறிப்போகின்றன. கீழே பனி விழுந்த இடத்தில் கிடக்கிறது. முகட்டிலோ காற்று அதை விழுந்த இடத்தில் விடுவதில்லை. நூறு மீட்டருக்குள் வெறும் பாறையும், பாறையை ஒட்டிய பனிக்கட்டியும், காற்று வரிவரியாகச் செதுக்கிய கெட்டிப் பனியும், கிழக்குச் சரிவில் இடுப்பளவு குவியலும் மாறி மாறி வரும். ஸ்னோஷூவுக்கு இங்கே வேலையில்லை, முதுகில் ஏறிவிடும். செடிகளைக் கால்களிலிருந்து காக்கப் பாதையின் இருபுறமும் தாழ்வான கல்வரிசைகள் வைத்திருக்கிறார்கள். கை வாட்டர்மன், லாரா வாட்டர்மன் தம்பதியர் இருபதாண்டுகளுக்கு அருகில் இந்த முகட்டுப் பாதையைப் பராமரித்துவந்தார்கள், அவர்கள் காலத்திலும் பின்னரும் போடப்பட்ட கல்வரிசைகள் கோடையில் வழிகாட்டுவதைப் போலவே குளிர்காலத்திலும் காட்டும், பனி அவற்றை மூடாத வரை. மூடியபின் பாதையை விட்டு ஓரமாக மிதிப்பவர் குள்ள மரங்களின் தலைமேல் நடப்பவராகிறார். பால்சம் ஃபிர், கறுப்பு ஸ்புரூஸ் மரங்கள் இங்கே முழங்கால் உயரத்தில் புதராகப் படர்ந்திருக்கின்றன. பனி அவற்றின் மேல் கூரையாகப் படிந்து, உள்ளே கிளைகளுக்கிடையே வெற்றிடம் இருக்கும். அதில் கால் வைத்தால் நெஞ்சு வரை இறங்கலாம். கால் கிளைக்குள் சிக்கிக்கொண்டால் துணை இல்லாமல் வெளியேறுவது கடினம்.

அப்பலேச்சியன் நெடும்பாதையின் அடையாளக் குறிகள் வெள்ளை வண்ணப் பட்டைகள் என்பது குளிர்காலத்தில் கசப்பான வேடிக்கை. வெள்ளைப் பனி மேல் வெள்ளைக் குறியைத் தேடுவதைவிடக் கற்குவியல்களை நம்புவதே மேல். அவையும் உறைபனிப் படிவத்தால் போர்த்தப்பட்டு ஆள் உருவங்களாக நிற்கும். அந்தப் படிவத்தை நின்று பார்க்க வேண்டும். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் மிதக்கும் மேகத்துளிகள் பாறையில் மோதிய கணத்தில் உறைகின்றன. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தை நோக்கியே இறகு இறகாக வளர்கின்றன. கடந்த சில நாட்களில் காற்று எங்கிருந்து வீசியது என்பதைக் கற்குவியல்கள் இப்படிச் சுட்டிக்காட்டிக்கொண்டு நிற்பதால், முன்னறிவிப்பில் படித்த திசையை இங்கே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலும் இறகுகள் வடமேற்கையே பார்க்கின்றன.

மேகம் முகட்டின் மேல் அமர்ந்துவிட்டால் தரையும் வானமும் ஒரே வெள்ளையாகிவிடும்; தன் காலணியைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குப் பிடிபடாது. லாஃபயெட் உச்சியில் மூன்று பாதைகள் கூடுகின்றன: தெற்கே வந்த வழி, மேற்கே குடிலுக்கு இறங்கும் வழி, வடக்கே கார்ஃபீல்டு முகட்டுக்குப் போகும் வழி. வடமேற்குக் காற்றுக்கு முதுகைக் காட்ட உடம்பு தானாகவே விரும்பும் என்பதால், கவனம் தப்பினால் கால்கள் கிழக்கே சாயும்; கிழக்கே இறங்கினால் கிடைப்பது 1984இல் வனப்பாதுகாப்புக்கென்று ஒதுக்கப்பட்ட பெமிகெவாசெட் காடு, அங்கே சாலை கிடையாது. இப்படித் தவறான பக்கம் இறங்குவதால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மலைகளில் எல்லோரும் அறிந்த சான்று வாஷிங்டன் சிகரத்தில் 1982 ஜனவரியில் நடந்தது. ஹண்டிங்டன் பள்ளத்தின் பனிச்சுவரில் ஏறிய பதினேழு வயது ஹியூ ஹெரும் அவர் துணைவரும் பனிப்புயலில் திசை தப்பி மறுபக்கம் உள்ள கிரேட் கல்ஃப் பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டார்கள். மூன்று இரவுகள் வெளியில் கிடந்த பின் உயிரோடு மீட்கப்பட்டாலும், ஹெரின் இரு கால்களும் முழங்காலுக்குக் கீழே வெட்டப்பட்டன. அவர் பின்னாளில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் செயற்கைக் கால்களை வடிவமைக்கும் பேராசிரியராகி, மீண்டும் பாறையேறியதை உலகம் கொண்டாடுகிறது. அவர்களைத் தேடிப்போன ஆல்பர்ட் டோ என்ற தன்னார்வலர் பனிச்சரிவில் சிக்கி இறந்ததையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

இதனால் திரும்பும் முடிவு முகட்டில் எடுக்கப்படுவதாக இருக்கக்கூடாது, மர எல்லையிலேயே எடுக்கப்பட வேண்டும். ஒரு பிப்ரவரியில் மதுரைக்காரத் தம்பி ஒருவரோடு லிட்டில் ஹேஸ்டாக் வரை ஏறினேன். முன்னறிவிப்பு பிற்பகலில் காற்று கூடும் என்றது. நாங்கள் மேலே வந்தபோதே அது கூடியிருந்தது, லிங்கன் சிகரம் மேகத்துக்குள் போய்விட்டிருந்தது.

“அண்ணே, இவ்வளவு தூரம் வந்துட்டோம். அந்த மேடு வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வருவோமே?”

“போறப்ப காத்து பக்கவாட்டுல. அங்க போய் நிக்கிறப்ப மூஞ்சில. அப்புறம் திரும்பி வர்றதா, முன்னால போறதான்னு யோசிக்கவே முடியாது தம்பி. யோசிக்கிறதா இருந்தா இங்கயே யோசிச்சிருவோம்.”

அவர் வருத்தத்தோடுதான் இறங்கினார். வழியில் ஏறிவந்த மூவர் எங்களிடம் மேலே எப்படி என்று விசாரித்துவிட்டுத் தொடர்ந்து ஏறினார்கள். அவர்கள் முழுச் சுற்றையும் நலமாக முடித்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அதனால் எங்கள் முடிவு தவறாகிவிடவில்லை என்று நான் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டார், ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

நல்ல நாள் அமைந்தால் இவ்வளவு ஏற்பாட்டுக்கும் முகடு ஈடு செய்துவிடுகிறது. உயரழுத்தம் நிலைகொண்டு காற்று அடங்கிய காலைகளில், குளிர்ந்த காற்று பள்ளத்தாக்குகளில் தேங்கி அங்கேயே மேகத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். கீழே வாகன நிறுத்தம் சாம்பல் மூட்டத்தில் கிடக்க, மேலே வெயில் அடிக்கும், கையுறை இல்லாமல்கூட நிற்கலாம். மேற்கே கணவாயைத் தாண்டிக் கேனன் மலையின் ஸ்கீ சரிவுகளும், அதன் பாறைச்சுவரும் தெரியும். அந்தச் சுவரில் மனித முகம்போல நீட்டிக்கொண்டு, இம்மாநிலத்தின் சின்னமாகவே இருந்த ‘ஓல்டு மேன்’ பாறை 2003 மே 3 அன்று இடிந்து விழுந்துவிட்டது. விரிசல்களில் நீர் இறங்கி, உறைந்து விரிந்து, உருகி, மீண்டும் உறைந்து செய்த வேலை அது. இரும்புக் கட்டும் சிமெண்டும் கொண்டு பல பத்தாண்டுகள் தாங்கிப்பிடித்தும் நிற்கவில்லை. நம் காலடியில் பாதையைப் பனிக்கட்டியாக்கும் அதே இளகலும் உறைதலும்தான்.

இறக்கத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கிரீன்லீஃப் குடில் வரைபடத்தில் பெரிதாகத் தெரியும். 1930இல் கட்டப்பட்ட அது கோடையில் உணவும் படுக்கையும் தரும் இடம். குளிர்காலத்தில் பூட்டிக் கிடக்கும், சுவரின் மறைவைத் தவிர வேறு புகலிடம் அங்கே இல்லை. அதற்குக் கீழே ஓல்டு பிரைடில் பாதையில் பாறை மேடுகள் சில வரிசையாக வருகின்றன. உள்ளூர்க்காரர்கள் அவற்றை ‘அகனீஸ்’ என்பார்கள், வேதனைகள் என்று பொருள். ஏறும்போது மூச்சு வாங்கவைப்பதால் வந்த பெயராக இருக்கலாம். பனிக்கட்டி போர்த்திய நாளில் களைத்த காலோடு இறங்குபவருக்கும் அது பொருந்தும். டிசம்பரில் மாலை நான்கேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுவதால், காலை ஏழு மணிக்கே ஏறத் தொடங்கினாலும் நெற்றிவிளக்கு பையில் இருக்க வேண்டும், அதன் மாற்று பாட்டரி சட்டையின் உட்பையில் உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். கைப்பேசிக்கும் அதே உட்பைதான். வெளிப்பையில் வைத்த கைப்பேசி பாதி மின்னோடு இருக்கும்போதே அணைந்துவிடும்.

ஏதேனும் நேர்ந்தால் தேடி வருபவர்கள் மாநிலத்தின் மீன், வனவிலங்குத் துறை அதிகாரிகளும், வீட்டிலிருந்து எழுந்து வரும் தன்னார்வலர்களும். அலட்சியத்தால் சிக்கியவரிடம் மீட்புச் செலவை வசூலிக்க நியூ ஹாம்ப்ஷயர் சட்டம் இடம் தருகிறது. 2015 முதல் விற்கப்படும் ஹைக் சேஃப் என்ற அட்டையை வாங்கி வைத்திருப்பவருக்கு அந்த வசூலிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் வேண்டுமென்றே ஆபத்தை விலைக்கு வாங்கியவருக்கு அட்டையும் உதவாது. அட்டைப் பணம் மீட்புப் பணிக்குப் போகிறது என்பதால் நான் ஆண்டுதோறும் வாங்குகிறேன். மலை ஏறாத என் மனைவிக்கும் சேர்த்துக் குடும்ப அட்டையாக.

மார்ச் பிற்பகுதியில் சூரியன் உயர்ந்ததும் பரப்பின் கணக்கு கடைசியாக ஒருமுறை மாறுகிறது. இருபுறமும் மிதிபடாத பனி உருகி அமிழ, குளிர்காலம் முழுவதும் மிதித்து இறுக்கிய நடுத்தடம் மட்டும் ஒற்றைத் தண்டவாளமாக உயர்ந்து நிற்கும். அதிலேயே நடக்க வேண்டும், ஓரத்தில் கால் சறுக்கினால் தொடைவரை சொதசொதப்பு. காலை எட்டு மணிக்குத் தாங்கிய தடம் பகல் பன்னிரண்டுக்குத் தாங்காது. அந்த வாரங்களில் நான் இருட்டோடு ஏறி முற்பகலுக்குள் இறங்கிவிடுகிறேன். ஏப்ரல் நடுவில் அதுவும் நின்றுபோகும். முகட்டில் அதற்குள் பாறை வெளுத்துக் காய்ந்திருந்தாலும், கீழே காட்டுக்குள் பனியும் சேறும் கலந்து கிடக்கும்; சேற்றுக்கு அஞ்சி ஓரமாக மிதிப்பவர்களால் பாதை அகலமாகி, மண் அரித்துப் போகிறது. ஆகையால் மே கடைசி வரை ஃபிரான்கோனியாவுக்குப் போகாமல் கடற்கரைப் பக்கத்துச் சிறு குன்றுகளோடு இருந்துகொள்கிறேன். கிராம்பான் முட்களை அரம் வைத்துத் தீட்டி எண்ணெய் தடவி எடுத்துவைப்பதும் அந்த வாரங்களில்தான்.